நாலு விலா எலும்பு

குழந்தைகள் வார்டில் அவளுக்குப் பெயர் குழாயக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ கிடக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு, பிள்ளைகள் கண் விழிக்கும் முன்னே, மூக்கு வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாயை விட்டு, அவர்கள் தூக்கத்தில் விழுங்கிய சளியை உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. பெரியவர்களிடம் டப்பியை நீட்டித் துப்பு என்றால் துப்புவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குத் துப்பத் தெரியுமா? இருமும், அப்படியே விழுங்கிவிடும். அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் வயிற்றுக்குள்தான் போய்த் தேட வேண்டும்.

பிள்ளையைப் போர்வையில் கை கால் அசையாமல் சுருட்டி, ஒருத்தி தலையைப் பிடிப்பாள், இன்னொருத்தி முழங்காலைப் பிடிப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கொலை நடக்கிற மாதிரி இருக்கும். வாசலில் நிற்கிற அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள். குழாயக்கா அசைய மாட்டாள். இருபது வருஷமாகக் கடியும் உதையும் வாங்கி, அவள் முன்னங்கையில் பல் பதிந்த தழும்புகளே ஏழெட்டு இருந்தன. நல்லவள்தான், ஆனால் நாக்கு மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. அந்த நாக்குத்தான் இந்தக் கதையில் நாலு எலும்பை முறித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்குப் பாப்பா வந்தது ஒரு திங்கட்கிழமை. மூன்று வயது, எட்டரைக் கிலோ. இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி, முகத்தில் உட்காரும் ஈயை ஓட்டக்கூடத் தெம்பில்லை. போன வாரமே முன்னங்கையில் போட்ட சோதனை ஊசி மூன்றாம் நாள் தடித்துச் சிவந்திருந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள்ளும் கட்டி தெரிந்தது. டி.பி.தான் என்பதில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. எந்த மாத்திரைக்கு மசிகிற கிருமி என்பதுதான் தெரிய வேண்டும். முரட்டுக் கிருமியாக இருந்தால் வழக்கமான மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தாலும் வீண், அதற்குள் நோய் மூளைக்கு ஏறிவிடலாம். பிள்ளைகளின் சளியில் பாதி நேரம் கிருமி சிக்குவதே இல்லை. அதனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். இது பிள்ளைக்குத் தானாக வந்ததில்லை, பக்கத்தில் இருந்து இருமுகிற பெரியவர் யாரோ கொடுத்தது. அந்த ஆளைப் பிடித்து அவர் சளியைச் சோதித்தால், பிள்ளைக்கு எந்த மருந்து என்பது தெரிந்துவிடும்.

அதற்கென்று ஒரு படிவம் உண்டு. குழாயக்கா பாப்பாவின் அம்மாவை உட்காரவைத்து எழுதினாள். வீட்டில் ஐந்து பேர். அம்மா, அப்பா, பாப்பா, பத்து மாதக் கைக்குழந்தை, அம்மாவின் தம்பி. யாருக்கு இருமல் என்று கேட்டதற்குத் தம்பிக்கு இரண்டு மாதமாக இருக்கிறது, பெயின்டர் வேலை, சிகரெட்டும் பிடிப்பான் என்றாள். கணவர் பழைய கட்டடங்களை இடிக்கிறவராம். அந்த வேலையில் இருமாத ஆளே கிடையாது, அது தூசு இருமல், வருஷக்கணக்காக இருக்கிறது என்றாள். குழாயக்காவும் தலையாட்டிவிட்டு, அப்பா என்ற இடத்துக்கு நேரே 'தூசு' என்று எழுதினாள். இடிப்பு வேலைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். காலில் ஒட்டுகிற மண்ணைப் போல இருமலும் வேலையோடு சேர்ந்தது என்பது அவர்கள் நினைப்பு. இவளும் அதை நம்பினாள். இருபது வருஷ அனுபவம் எங்கே போனதோ தெரியவில்லை.

முதல் நாள் குழாய் வீணாகப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், நாலரை மணிக்குப் பிள்ளை சிணுங்கியதென்று அம்மா அரை டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டாள். குழாயில் வந்தது திரிந்த பால். குழாயக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். அந்த அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். முன்பல் ஒன்று இல்லை. படியில் விழுந்துவிட்டேன் என்றாள், அவர்கள் வீட்டில் படியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளை இங்கே தூங்குவதே இல்லை என்றும் சொன்னாள். பிறந்ததிலிருந்து அப்பாவின் நெஞ்சு மேல் குப்புறப் படுத்துத்தான் தூக்கம். அவர் கழுத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டால்தான் கண் மூடும். வீட்டில் எல்லோர் மேலும் கை நீட்டுகிற மனுஷன் பாப்பாவை மட்டும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. குழாயக்கா ட்ரேயைக் கழுவிக்கொண்டே கேட்டாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அந்த அப்பாவை இரண்டாம் நாள் விடிகாலையில் நேரில் பார்த்தாள். அவனைச் சம்மட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பார்த்தால் தெரியும், தோள் இரண்டும் கதவை மறைக்கும்.

பாப்பாவைச் சுருட்டியாயிற்று. மூக்கிலிருந்து காது, காதிலிருந்து மார்புக்குழி என்று குழாயை அளந்து, பாதி உள்ளே விட்டாயிற்று. பிள்ளை இருந்த கொஞ்ச மூச்சிலும் அப்பா, அப்பா என்று கத்தியது. வேலைக்குப் போகிற வழியில் மகளைப் பார்க்க வந்தவன் காதில் அது விழுந்தது. கதவு தாழ்ப்பாளோடு பிய்த்துக்கொண்டு வந்தது. தலையைப் பிடித்திருந்த ஆயாவுக்கு ஓர் அறை விட்டான், அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். ட்ரே பறந்தது, டப்பிகள் தரையில் உருண்டன. குழாய் பிடித்த கையை அவன் பற்றி முறுக்கினான். குழாயக்காவின் வலது மோதிர விரல் சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. அந்த நிலையிலும் இடது கையால் குழாயை ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருந்திருந்தால் பிள்ளைக்குப் புரையேறியிருக்கும்.

"இன்னொரு தடவ என் பொண்ணு மேல கை வச்சே, உன் எலும்பை எண்ணிடுவேன்" என்றான்.

வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. வாயை மூடிக்கொண்டு காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டில் எல்லோரும் சோதனைக்கு வாருங்கள் என்று பதமாகச் சொல்லத்தான் அவளுக்குப் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். எல்லாம் காற்றில் போயிற்று.

"எங்கிட்ட என்ன வீரம் காட்டுற? உன் பொண்ணுக்கு இது தானா வரல. தினமும் அவ மூஞ்சிக்கு நேரா இருமுற எவனோ ஒருத்தன் குடுத்தது. உடம்புல தெம்பு இருந்தா போய் அவனைக் கண்டுபிடி."

அவன் அப்படியே நின்றான். தலை மட்டும் மெதுவாக, வாசலில் நின்ற மனைவி பக்கம் திரும்பியது. அவள் கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அந்தக் கை தன் மேல் விழப்போகிறது என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"தம்பிக்குத்தான் இருமல்னு எழுதிக்கிட்டாங்க."

சம்மட்டி குனிந்து, மகளின் நெற்றியை ஒரு விரலால் தடவிவிட்டுப் போனான். குழாயக்காவுக்கு அப்போது மனசுக்குள் ஒரு திருப்தி. கொடுத்தேன் பார் சரியான பதில் என்ற திருப்தி. அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள்.

நாக்கை அழுத்திப் பார்க்கிற குச்சி ஒன்றை விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பதினோரு மணி வரை வேலை பார்த்தாள். வீக்கம் தாங்காமல் கீழே அவசரப் பிரிவுக்குப் போனபோது, நாலு பேர் ஒரு கதவுப் பலகையில் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். ஆளின் தலைமுடியிலும் முகத்திலும் பச்சைப் பெயின்ட். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அதில் கலந்து, எது பெயின்ட் எது ரத்தம் என்று தெரியவில்லை. வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கக் கூடாத ஒரு திசையில் மடங்கிக் கிடந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கூட வந்தவன் சொன்னான். ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்களாம். ஏணியின் உச்சியில் இவன். அக்கா புருஷன் வந்தான், ஏணியை ஓர் உதை விட்டான். கீழே விழுந்தவனை எழுந்திருக்கவே விடவில்லை. கையோடு கொண்டுவந்த சம்மட்டியின் இரும்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டையால் அடித்தானாம். இரும்போடு அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாமா, என்ன செஞ்சேன் சொல்லிட்டு அடிங்க என்று இவன் கேட்டானாம். என் பிள்ளைக்கு நோயைக் கொடுத்தாயே, கொடுத்தாயே என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் வரவில்லையாம். கடைசியில் அடித்தவனுக்கே இருமல் வந்து, மூச்சு வாங்கி, அதனால்தான் நிறுத்தினானாம்.

அதற்குள் பாப்பாவின் அம்மா மேலேயிருந்து ஓடி வந்தாள். தம்பியைப் பார்த்தாள், குழாயக்காவைப் பார்த்தாள். யாரிடமும் குரல் உயர்த்தியறியாத அந்தப் பெண் நேராக வந்து பளார் என்று ஓர் அறை கொடுத்தாள். இன்னொன்று. மூன்றாவது அடி தன் வாய் மேலேயே போட்டுக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்க. நான் ஆளைக் காட்டிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவனைக் கொன்னுட்டோம்."

கொல்லவில்லை. பெயின்டரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாயக்காவும் பின்னாலேயே போனாள். எக்ஸ்ரேகாரர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, வலது பக்கம் விலா எலும்பு நாலு போச்சு என்றார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை, எதுவும் உள்ளே குத்தவில்லை, சிகரெட் பிடிக்கிறவன் என்றீர்கள், இத்தனை சுத்தமான நுரையீரலை நான் இந்த வாரம் பார்க்கவில்லை என்றார்.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். டி.பி. படங்கள் ஆயிரம் பார்த்த கண். விலா எலும்புகளுக்கு இடையே இரண்டு பக்கமும் கழுவிவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு புகை இல்லை.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக மண்டையில் ஏறியது. கழுத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டால்தான் தூங்கும். வருஷக்கணக்காக இருமல். அடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கி நிறுத்தினான். படிவத்தில் தன் கையெழுத்தில் 'தூசு'. அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீசுக்குச் சொல்லியாயிற்று, பிடித்துவிடுவார்கள், நீ கையைப் பார்த்துக்கொள் என்றார் டாக்டரம்மா. பிடித்த பிறகு அவன் சளி எப்போது கிடைக்கும் என்று குழாயக்கா கேட்டாள். காவல் நிலையம், நீதிமன்றம், ஜெயில் என்று சுற்றி, ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். பாப்பாவுக்கு மறுநாள் மாத்திரை தொடங்க வேண்டும். எந்த மாத்திரை? அன்று காலைக் குழாயும் பாதியிலேயே வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலை எடுத்தாலும் கிருமி சிக்கும் என்று யார் கண்டார்கள்? குழாயக்கா ஒரு சளி டப்பியைப் பையில் போட்டாள், முகக்கவசம் இரண்டு எடுத்துக்கொண்டாள், எக்ஸ்ரே படத்தை யாரையும் கேட்காமல் உருவிக்கொண்டாள். விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளிச் சம்மட்டியின் ஆட்கள் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை போய்விட்டது, திரை இருந்த சுவர் மட்டும் நின்றது. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே கூட்டமாக நின்றார்கள். எல்லோரும் இருமினார்கள். உள்ளே போகாதம்மா, மனுஷன் இப்போ மனுஷனாக இல்லை என்றார் ஒருவர். உள்ளே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. சம்மட்டி தனியாக அந்தச் சுவரை அடித்துக்கொண்டிருந்தான், நெற்றியெல்லாம் வெள்ளைத் தூசு, கையெல்லாம் பச்சைப் பெயின்ட்.

அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு, காற்று தன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றாள்.

"செத்துட்டானா?" என்றான் திரும்பாமலே.

"சாகல. எலும்பை எண்ணிடுவேன்னு சொன்னியே, வா, வந்து எண்ணு." படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நீ உடைச்சது இங்க, இங்க, இங்க, இங்க. நடுவுல கறுப்பா தெரியுது பாரு, அதுதான் நுரையீரல். ஒரு புள்ளி காட்டு பாப்போம். அவன் குடுக்கல."

அவன் பார்த்தான்.

"உன் வீட்ல இருமுறது ரெண்டே பேர்" என்றாள் அவள்.

அவன் கையிலிருந்த சம்மட்டி எழும்பியது. அது தன் தலைக்கு என்றே நினைத்தாள், கண்ணைக்கூட மூடவில்லை. அது அவளுக்குப் பக்கத்துத் தூணில் விழுந்தது. செங்கல் சில் தெறித்து அவள் கன்னத்தைக் கிழித்தது. அவன் மறுபடி அடித்தான். மறுபடி, மறுபடி. தூணின் கம்பி தெரிகிற வரைக்கும் கண்மண் தெரியாமல் அடித்தான். பிறகு இருமல் வந்தது. முழங்கால் மடங்கி, தரையில் கையூன்றி, குடல் வெளியே வந்துவிடும் போல இருமினான். தூசில் சிவப்பாக விழுந்தது.

"எனக்கு இது முன்னாலயே வந்துச்சு" என்றான், தரையைப் பார்த்தபடி. "கல்யாணத்துக்கு முன்னாடி. ரெண்டு மாசம் மாத்திரை முழுங்கினேன். உடம்பு தேறிடுச்சு, விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அவ தினமும் என் நெஞ்சு மேலதான் படுப்பா. இப்ப நான் யாரை அடிக்கிறது, சொல்லு."

பாதியில் விட்ட மாத்திரை. முரட்டுக் கிருமி அப்படித்தான் பிறக்கிறது. குழாயக்காவுக்கு அவனைப் பார்த்துப் பரிதாபமும் வந்தது, கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு டப்பியைத் திறந்து நீட்டினாள்.

"ஆழமா மூச்சு இழு. அடியிலிருந்து இருமு. இதுல துப்பு."

அவன் டப்பியை வாயருகே கொண்டுபோன நேரம், பின்னாலிருந்து மூன்று போலீஸ்காரர்கள் பாய்ந்தார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதோரம். டப்பி கைநழுவியது. குழாயக்கா கட்டுப் போட்ட கையாலேயே அதைப் பிடித்தாள், ஒடிந்த விரலில் இடித்து உயிர் போனது. அவனுக்கும் தடிக்கும் நடுவில் போய் நின்றாள். மூன்றாவது அடி அவள் முதுகில் விழுந்தது.

"ஐயா, கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல. இன்னும் ஒரே ஒரு தடவ இருமட்டும்" என்றாள்.

போலீஸ்காரர்களுக்கு அப்படி ஒரு வேண்டுகோளை யாரும் வைத்ததில்லை. தடியை ஓங்கியபடியே நின்றுவிட்டார்கள். சம்மட்டி, காதில் ரத்தம் வழிய, டப்பியில் துப்பிக் கொடுத்தான். அவள் மூடியைத் திருகினாள், அவன் முகத்தில் இன்னொரு கவசத்தை மாட்டிவிட்டாள். விலங்கு மாட்டும்போது அவன் ஒன்றே ஒன்று கேட்டான், இனிமேல் பாப்பா எப்படித் தூங்கும் என்று.

சோதனை இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிட்டது. கிருமி இருக்கிறது, முக்கியமான மாத்திரைக்கு மசியாத கிருமி. டாக்டரம்மா பாப்பாவின் சீட்டில் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு வேறு மருந்துகளை எழுதினார். பழைய சீட்டோடு போயிருந்தால் இரண்டு மாதத்தில் அந்தக் கட்டில் காலியாகியிருக்கும் என்று மட்டும் சொன்னார். கைக்குழந்தைக்கு நோய் இல்லை. வராமல் தடுக்க அதற்கும் தினமும் மருந்து. இடிப்பு ஆட்களில் இரண்டு பேருடைய தூசு இருமல் தூசாக இல்லை.

பெயின்டரிடம் குழாயக்கா தானே போய்ச் சொன்னாள், சம்மட்டியை உன் மேல் ஏவியது என் வாய்தான் என்று. அவன் மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இன்றுவரை அவளோடு பேசவில்லை, பேச வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

ஆறு வாரம் போயிற்று. ஜெயில் ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு தடவை மருந்து வாங்க ஒரு வார்டன் வருவார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் கேட்கச் சொன்னான் என்று ஒரே கேள்வியைக் கேட்பார், பாப்பா தூங்குகிறதா என்று. தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதழுது ஓய்ந்து தூங்குகிறது என்று எப்படிச் சொல்லி அனுப்புவாள்? மருந்து சாப்பிடுகிறது என்று மட்டும் சொல்லி அனுப்புவாள்.

அன்றும் வார்டன் வாசலில் காத்திருந்தார். குழாயக்கா மாத்திரையைக் கரைத்து, பாப்பாவின் வாயருகே கரண்டியைக் கொண்டுபோனாள். அந்தக் கசப்பு யாருக்குத்தான் பிடிக்கும்? பாப்பா உதட்டை இறுக்கியது. குழாயக்கா தாடையைப் பிடித்தாள். பாப்பா கையை ஓங்கி, கோணலாகக் கூடியிருந்த அந்த மோதிர விரல் மேலேயே படாரென்று அடித்தது. கரண்டி பறந்தது. அடுத்த கை அவள் மூக்கில் விழுந்தது. பொறி கலங்கி, மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சீருடையில் விழுந்தது.

அம்மா பதறிப்போய் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். குழாயக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா அடித்தது, ஈ ஓட்டத் தெம்பில்லாமல் வந்த கையால். அவளுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வலியிலா என்று கேட்டால் வலியிலும்தான். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கு உன் பொண்ணு என்னை அடிச்சான்னு. நல்லா வலிச்சதுன்னும் சொல்லுங்க."